எடை மேடைப் பாட்டு

எனக்கு நல்ல காது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அழகு, படிப்பு, சமையல் என்று மற்ற விஷயங்களில் என்னைத் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் ஒரு புதுப் பாட்டு நிற்குமா விழுமா என்று முதல் சரணம் முடிவதற்குள் சொல்லிவிடுகிற ஆள் அந்தக் காலத்தில் பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் நான் ஒருத்திதான். சந்தேகம் இருந்தால் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செல்போன் என்றால் பேசுவதற்கும் மிஸ்டு கால் கொடுப்பதற்கும்தான். அதில் பாட்டுக் கேட்பது எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. எங்கள் பஸ் காலையில் திருவள்ளூரில் கிளம்பி, வெங்கல், பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை என்று வழியெல்லாம் ஆட்களை அள்ளிக்கொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேரும். நான் பெரியபாளையத்தில் ஏறுவேன். கம்பெனியில் எனக்கு டிஸ்பாட்ச் பிரிவில் வேலை. எங்களுக்கு நெல் விளையும் நிலம் இருந்தது. அப்படியிருக்க இன்னொருத்தன் கம்பெனியில் போய் எதற்காகக் கைகட்டி நிற்கிறாய் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் போகிறபோது பாட்டுக் கேட்கலாம் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் அடி விழும் என்பதால் பிஎஃப், போனஸ் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் பாட்டு டிரைவர் அண்ணன் கையில் இருந்தது. அவர் ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரர். பாதி தெலுங்கில் பேசுவார். முழுச் சோகத்தில் பாட்டுப் போடுவார். காதலி போனாள், கல்லறை வந்தது என்று ஒரே சிடி தேயத் தேய ஓடும். காலை ஷிஃப்டுக்குப் போகிற பெண்களை அழவைத்து இறக்கிவிடுவது என்ன நியாயம் என்று ஒருநாள் அவரோடு சண்டைக்கு நின்றேன். அப்படியானால் நீயே கொண்டுவா, போடுகிறேன், என்னைப் பேஜார் பண்ணாதே என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து பஸ்ஸின் பாட்டு இலாகா என்னுடையது.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பெரியபாளையத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து, பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து சிடியில் ஏற்றிக்கொள்வேன். ஆடி மாதத்தில் மட்டும் பாடாய்ப் பட வேண்டியிருக்கும். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேப்பஞ்சேலை கட்டிய கூட்டமும் மைக்செட்டும் தெருவை அடைத்துக்கொண்டிருக்க, ஹெட்போனை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அம்மன் பாட்டுதான் காதில் விழும்.

அங்கேதான் ஒருநாள், யாரோ கம்ப்யூட்டரில் விட்டுப்போயிருந்த ஒரு பாட்டைக் கேட்டேன். சினிமாப் பாட்டு இல்லை. டிரம்ஸ் இருந்தது, ஆனால் டிரம்ஸ் அடித்த கை எதுவும் இல்லை. வயலின் மாதிரி ஒன்று வந்தது, அது வயலினும் இல்லை. சென்டர்காரரை விசாரித்தபோது, வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவன் அதை இன்டர்நெட்டில் ஏற்ற வந்தான், எல்லாமே அவன் ஒரு ஆள் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ததாம் என்றார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு பாட்டுக் கச்சேரி வந்தால் ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்குவார்கள். அத்தனை பேருக்கும் சாப்பாடு போட வேண்டும். இவன் யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் சோறு போடாமல், தனி ஆளாக ஒரு வேன் இசையைச் செய்திருந்தான்.

அதற்குப் பிறகு எனக்கு அதுவே வேட்டையாகிவிட்டது. தனியாக உட்கார்ந்து மெஷினில் பாட்டுச் செய்கிற ஆட்கள் எங்கே எங்கே இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பொதட்டூர்பேட்டையில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் கீபோர்டில் அபாரமாகச் செய்துகொண்டிருந்தார். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவரைப் பிடித்தேன். வேப்பம்பட்டு மாணவனின் அடுத்த பாட்டு சுமார்தான். அதைச் சென்டர்காரர் மூலமாக அவனுக்குச் சொல்லியும் அனுப்பினேன். என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இவர்கள் பாட்டைப் பரீட்சை வைக்க எனக்கு ஒரு முறை இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் புதுப் பாட்டை நைசாகச் செருகிவிடுவேன். முன்கூட்டி எதுவும் சொல்ல மாட்டேன். பெண்கள் பேச்சை நிறுத்தாமல் தொடர்ந்தால் பாட்டு ஃபெயில். பேச்சு குறைந்து, பஸ் தரையில் யாராவது காலால் தாளம் போட்டால் பாஸ். யாராவது திரும்பி, “இது எந்தப் படம்?” என்று கேட்டுவிட்டால் அதுதான் முதல் வகுப்பு. நம் ஊரில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதற்கு ஒரு படம் இருந்தே ஆக வேண்டும். படம் இல்லை, ஒரே ஒரு ஆள் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. அந்த முகங்களைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட இருந்ததில்லை.

எடை மேடைக்காரர் அகப்பட்டது அப்புறம்தான். எங்கள் கம்பெனியிலிருந்து சரக்கு ஏற்றிய லாரி, தொழிற்பேட்டைச் சாலையில் இருந்த எடை மேடைக்குப் போய் எடை போட்டுச் சீட்டு வாங்கி வர வேண்டும். வழக்கமாக டிரைவரே வாங்கி வருவார். ஒருமுறை எங்கள் கணக்குக்கும் சீட்டுக்கும் ஒத்துவராததால் நானே லாரியோடு போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாய், ஜன்னலில் சீட்டுக் கொடுக்க ஒரு ஓட்டை. நான் அந்த ஓட்டையில் குனிந்தபோது உள்ளேயிருந்து ஒரு பாட்டு வந்தது. அடுத்த நொடி நின்றுவிட்டது. மனுஷன் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

நான் கேட்டது சில விநாடிகள்தான். ஆனால் சீட்டை மறந்துவிட்டேன். மறுபடி போடச் சொன்னேன். அது சும்மா, டைம் பாஸுக்கு என்று இழுத்தார். பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. போட்டால்தான் இங்கேயிருந்து நகர்வேன் என்றேன். வேறு வழியில்லாமல் போட்டார்.

அவர் பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் வியாபாரம். அண்ணன்களில் ஒருவர் இறால், ஒருவர் துணி. இவர் மட்டும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரும் கரண்ட்டும் இருக்கிற இடம் வேண்டும் என்று இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் மௌஸால் ஒவ்வொரு சத்தமாக வைத்துப் பாட்டைக் கட்டுவார். பாடுவது ஹெட்போனோடு ஒட்டியிருக்கும் மைக்கில். குரலை ஏதோ செய்து, ஆணா பெண்ணா என்று தெரியாத மாதிரி மெல்லிசாக்கி வைத்திருந்தார். டீசல் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவில் அவ்வளவு சுத்தமான ஒன்றை எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பாட்டு இதுதான்: “கொஞ்சம் இறங்கி நில்லு, என் கனம் எனக்குத் தெரியட்டும்.” கேலியும் காதலும் கலந்த வேகமான பாட்டு. அந்த வரியை மூன்று தடவை பாடுவார். மூன்றாவது தடவை முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். தாளம் இல்லை, குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அத்தனை சத்தமும் ஒன்றாக வந்து விழும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடுவில் ஏன் அப்படி என்று கேட்டேன்.

“லாரி மேல ஏறுச்சுன்னா நம்பர் ஓடிக்கினே இருக்கும் மேடம். டிரைவர், கிளீனர் எல்லாம் இறங்கி நிக்கணும். நம்பர் நிக்கறவரைக்கும் யாரும் பேச மாட்டாங்க. தெனமும் அத பாத்துக்கினே இருக்கேன். அதான் அங்க சும்மா விட்டேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லா இல்லை என்றால் எடுத்துவிடுகிறேன் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

இதுதான் அவரிடம் இருந்த கோளாறு. யார் எது சொன்னாலும் சரி என்பார். டீ ஆறிப்போய் வந்தாலும் சரி, லாரிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினாலும் சரி. சொந்தப் பாட்டைக் குறித்தும் அப்படியே. அந்த இடத்தைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு, பாட்டை ஒரு சிடியில் வாங்கிக்கொண்டு வந்தேன். தன் பேரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வாக்கை நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

மறுவாரம் பஸ்ஸில் பரீட்சை. பாட்டு ஆரம்பித்ததுமே பின் சீட்டுப் பேச்சு குறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது “தெரியட்டும்” வந்தது; சத்தம் நின்றது. பஸ்ஸில் எல்லோரும் முன்பக்கம் பார்த்தார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கினால் எங்கள் பிளேயர் நின்றுவிடுவது வழக்கம். அதற்கு வைத்தியம் டிரைவர் அண்ணனின் உள்ளங்கைதான். அவர் யோசிக்கவே இல்லை. “சனியன், மறுபடியும் நின்னுடுச்சு நைனா” என்று பிளேயர் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சரியாக அந்த நொடியில் பாட்டு திரும்பி வந்து விழுந்தது. வைத்தியம் பலித்துவிட்டது என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பும்போதும் அதே இடத்தில் நின்றது, அதே மாதிரி தட்டினார், அதே மாதிரி வந்தது. பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் அவர் கையை ஓங்குவதற்குள் யாரோ முன் சீட்டின் கம்பியைத் தட்டினார்கள். அதற்கடுத்த வாரம் பஸ்ஸே தட்டியது. வெங்கலில் ஏறுகிற, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத அக்காகூடத் தட்டினார்கள். அதைத் தட்டுகிற பாட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏறியதும், “அந்தத் தட்ற பாட்ட போடுண்ணா” என்பதுதான் முதல் பேச்சு. நான் கண்டுபிடித்த ஆட்களில் இப்படி ஒரு முதல் வகுப்பை யாரும் வாங்கியதில்லை.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “ரிப்பேர்னு நெனச்சிட்டாங்களா?” என்றார். இல்லை, இப்போது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் தட்டுகிறார்கள் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கேலி செய்கிறார்கள் என்று ஒரே முடிவாக இருந்தார். நான் அடுத்தமுறை போவதற்குள் அந்த இடத்தில் கைதட்டல் சத்தத்தையும் ஏதோ தவில் மாதிரி ஒன்றையும் வைத்து அடைத்து, புது சிடி ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். கேட்டுப் பார்த்தேன். நல்ல வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியது போல இருந்தது. அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஒருநாள் பஸ்ஸில் வந்து நீங்களே கேளுங்கள் என்று கூப்பிட்டேன். லாரி வரும் மேடம் என்று நழுவிவிட்டார். அவருக்கு லாரி ஒரு சாக்கு.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். அந்த வருடம் கச்சேரியை ஏற்பாடு செய்தவர் சென்னையில் தனி ஆல்பங்கள் வெளியிடுகிறவர் என்று கேள்விப்பட்டேன். ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே அவரை மடக்கிப் பிடித்து, பாய் செய்த பாட்டின் சிடி ஒன்றைக் கையில் திணித்தேன். இதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பல வாரம் சத்தமே இல்லை. பிறகு ஆபீஸ் போனுக்கு அழைப்பு வந்தது. புது ஆட்களின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் போடப்போகிறாராம். நான் கொடுத்த சிடியைப் போட்டுப் பார்த்தாராம். குரல் பிடித்திருக்கிறது, ஆனால் நடுவில் சிடி நின்றுபோனதால் மீதியைக் கேட்கவில்லையாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அது பழுதில்லை என்று போனில் விளக்காமல், முழுதாகக் கேட்டு அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பொங்கல் விழா விஷயமாக எங்கள் கம்பெனிக்கு வரும் நாளில் நல்ல சிடியாகக் கேட்கவேண்டும், செய்த ஆளையும் பார்க்கவேண்டும் என்றார். எங்கள் பஸ்ஸிலேயே வாருங்கள், கவரைப்பேட்டையில் இறங்கி ரயில் பிடித்துக்கொள்ளலாம், பாட்டுக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பாயைக் கிளப்புவது பெரிய பாடாகிவிட்டது. அவருக்கும் கவரைப்பேட்டை வசதிதான். அங்கே ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் கிடைக்கும். வீட்டில் அண்ணன்கள் துணிக்கடையில் வந்து உட்காரச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். தை பிறந்ததும் எடை மேடையை விட்டுவிடுவதாக அவர்களுக்கு வாக்கு கொடுத்துவிட்டாராம்; கேட்டார்கள், சரி என்றுவிட்டாராம். ஆல்பத்தில் பாட்டு வந்தால் மட்டும் அவர்களிடம் பேசிப் பார்க்கலாம் என்றார். சட்டைப் பாக்கெட்டில் ஒரு சிடி துருத்திக்கொண்டு தெரிந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தை அடைத்து வைத்த சிடிதான் அது என்று தெரியும்.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை விட்டேன். சென்னையிலிருந்து ஒருவர் வந்து உட்காரப் போகிறார், அவர் பாட்டைச் சுத்தமாகக் கேட்கவேண்டும், யாரும் கம்பியைத் தட்டக்கூடாது, மீறினால் நாளையிலிருந்து கல்லறைப் பாட்டுதான். டிரைவர் அண்ணனிடமும் தனியாகப் போய், கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கக்கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். “என் வண்டில நான் தட்றதுக்கு உன்னாண்ட பர்மிஷன் வாங்கணுமா?” என்று முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்.

சென்னைக்காரர் முன் சீட்டுக்கு அடுத்த சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் பாய், சீட்டு நுனியில், எழுந்து ஓடத் தயாராக இருக்கிற மாதிரி. நான் எதிர்ப்பக்கம். தொழிற்பேட்டைக் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் பாட்டைப் போடச் சொன்னேன்.

அவர் கேட்கத் தெரிந்த மனுஷன். அதைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை முடிந்தது. பாட்டு நின்றது. ஒருத்தரும் தட்டவில்லை. பஸ் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் தட்டிப் பழகிய கை எனக்கே அரித்தது. வெங்கல் அக்கா இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்திருந்தார்கள். சென்னைக்காரர் கண்ணைத் திறந்தார். பிளேயரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தார். பொறுக்க முடியாமல் சென்னைக்காரர் கையை ஓங்கி முன் சீட்டுக் கம்பியில் ஒரு தட்டு தட்டினார்.

பாட்டு வந்து விழுந்தது.

பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாய் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் சென்னைக்காரர் அவர் தோளில் கை வைத்தார். அருமையான பாட்டு, ஆல்பத்தில் இதைத்தான் முதலில் வைக்கப்போகிறேன் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே ஒரு விஷயம், என்று தொடர்ந்தார். நடுவில் இருக்கும் அந்தக் காலி இடத்தை மூடிவிட வேண்டும். வாங்குகிறவன் சிடி பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவான், கடைக்காரன் எங்களிடம் திருப்பி அனுப்புவான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

பாயின் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. மூடிய பாட்டு அங்கேயே இருந்தது. எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது. அண்ணன்களிடம் பேசலாம், துணிக்கடைக்குப் போகாமல் தப்பிக்கலாம். என் வாய் துடித்தது. வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. தரவேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை, தா என்று சொல்ல மனமும் வரவில்லை. அது அவருடைய பாட்டு.

“நீங்க தட்னீங்களே சார்” என்றார் பாய்.

“பிளேயர் நின்னுட்டுதுன்னு தட்டினேன்.”

“ஆமா சார். எல்லாரும் அந்த எடத்துல தட்றாங்கன்னு மேடம் சொன்னாங்க. கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க கிண்டல் பண்ணலயே.” கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டார். “அத மூட மாட்டேன் சார். அப்படியே போட்டா போடுங்க.”

சென்னைக்காரருக்குக் கோபம் வரவில்லை. யோசித்துச் சொல்லுங்கள், இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது என்று பொறுமையாகச் சொன்னார். தெரியும் சார் என்றார் பாய். வார்த்தையை மாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிய மனுஷன் ஒரு இடத்தில் மாட்டேன் என்றதை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கமா பெருமையா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கவரைப்பேட்டையில் சென்னைக்காரர் இறங்கினார். இறங்கும்போது பாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார். அந்த ஆல்பம் பிறகு வந்தது. நானும் வாங்கிக் கேட்டேன். இரண்டு பாட்டு தேறும். மற்றதெல்லாம் தண்டம்.

பாயும் அங்கேதான் இறங்க வேண்டும். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் வந்துவிட்டது என்றேன். அவர்கூட ஒரே பிளாட்பாரத்தில் எப்படிப் போய் நிற்பது மேடம் என்றார். பஸ் நெடுஞ்சாலையை விட்டு ஆரணிப் பக்கம் திரும்பியது. பழவேற்காட்டு ஆள் ஒருவர் வேண்டாத திசையில் எங்களோடு வந்துகொண்டிருந்தார்.

“தப்பு பண்ணிட்டனா மேடம்?” என்று கேட்டார். இல்லை என்றேன். எவ்வளவு நிச்சயமாக என்று கேட்டார். என் காதின் மேல் எனக்கு இருக்கிற அளவு நிச்சயமாக என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் நகர்ந்து, சென்னைக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தைக்கு அப்புறம் நான் எடை மேடைக்குப் போனால் அந்த ஓட்டைக்குப் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆரணி நெருங்கும்போது வெங்கல் அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார்கள். என் காதோரம் குனிந்து கேட்டார்கள்.

“அந்த சாரு எறங்கிட்டாருல்ல? இப்ப தட்டலாமா?”

தட்டுங்கள் என்றேன். டிரைவர் அண்ணன் அதற்காகவே காத்திருந்த மாதிரி பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். இந்தமுறை பஸ்ஸே சேர்ந்து பாடியது. பாய் சீட்டில் இன்னும் குறுகி உட்கார்ந்தார். பாட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான் என்று பின்னால் பாடிக்கொண்டிருந்த யாருக்கும் தெரியாது. மூன்றாவது “தெரியட்டும்” முடிந்தது. அமைதி. அப்புறம் அத்தனை சீட்டுக் கம்பியும் அத்தனை ஜன்னல் தகரமும் ஒரே அடியாக அதிர்ந்தன. அவர் பாட்டு அதன்மேல் வந்து விழுந்தது.

முதுகில் யாரோ அறைந்த மாதிரி அவர் நிமிர்ந்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார்கள். அவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் பாட்டு முடியும்வரை அப்படியே திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் வந்து, வேலை விஷயம் பேசுகிறவர் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பின்னாடி சீட்ல இருக்கறவங்க லேட்டா தட்றாங்க மேடம். அவங்களுக்கு நான் விட்ட எடம் பத்தல. அடுத்த பாட்டுல இன்னும் கொஞ்சம் பெருசா விடணும்.”

அடுத்த பாட்டா, துணிக்கடையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அண்ணனுங்ககிட்ட மாட்டேன்னு சொல்லிட்றேன்” என்றார்.